முன் சீட்டின் சூடு

இந்தக் காரில் முன் சீட்டுக்குச் சூடு வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் மூன்று சிவப்புப் புள்ளி எரிகிறது. காலையில் கிளம்பும்போது அவர் சீட்டுக்கு அதை அமுக்கிவிட்டது வசுதான். "கோம்ஸ், தோசக்கல்லப் பத்தவச்சிட்டேன், ஒரு பக்கம் வெந்ததும் சொல்லு, திருப்பிப் போடுறேன்" என்றாள். அவர் சிரித்தார். தோள் ரெண்டும் குலுங்கச் சிரித்தார். நான் பின் சீட்டில் பிள்ளை தேனுவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்கு அவர் தோளும் கழுத்தும்தான் தெரியும், மூன்று நாளாய் அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன், வெளியே என்ன மலை என்ன பள்ளம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அந்தக் கழுத்தில் இடது காதுக்குக் கீழே சவரம் செய்யாமல் விட்ட முடி எத்தனை என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பின் சீட்டுக்குப் பொத்தான் கிடையாது. கோமதிநாயகம் என்று எங்கள் அத்தை ஆசையாய் வைத்த பேரை கோம்ஸ் என்று வெட்டியது யாரென்று தெரியவில்லை, ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் என்கிறார். எனக்கு அவர் அத்தான். அத்தை மகன் அத்தான், கட்டிக்கொண்ட பிறகும் அத்தான், வேறு எதுவும் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. வசு வெட்டியிருப்பாளாக இருக்கும். எது நீளமாய் இருந்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். என் கோட்டுப் பையில் டிஷ்யூ பேப்பரில் மடித்த தேனுவின் முடி இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. தொடாமல் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன், முடியவில்லை, மறுபடி தொடுகிறேன்.

ஒன்றுமில்லை, கண்ணில் விழுகிற முடியைக் கொஞ்சம் கத்தரித்தாள், அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லும்போதே விரல் மறுபடி பைக்குள் போகிறது. இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று வசு சொன்னாள், அதற்குள் அவருக்கு ஞாபகம் வருகிறதா என்று பார்க்கிறேன். நானாகச் சொல்லமாட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை என்பது வேறு. வசுந்தரா அவர் ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள், மெட்ராஸ்காரி, அவரைவிட ஒரு படி மேலே. அவள் வீட்டுக்காரரும் வருவதாகத்தான் பேச்சு, நாங்கள் மூன்று பேர், அவர்கள் ரெண்டு பேர், கிறிஸ்துமஸ் லீவுக்கு இந்தச் சிவப்பு மலையெல்லாம் பார்க்கலாம் என்று ஆறு மாதம் முன்னாலேயே ரூம் போட்டார்கள். கடைசி நேரத்தில் அந்த மனிதருக்கு லீவு இல்லை. வசு மட்டும் வந்தாள். நாங்கள் இருக்கிற ஊரில் பனி பெய்யாது, பனியில் வண்டி ஓட்ட அவருக்குத் தெரியாது, வசு ஆறு வருஷம் பனிக்குள்ளேயே குடியிருந்தவள். அதனால் ஓட்டுவது வசு, பக்கத்தில் அவர். இதில் யாரைக் குறை சொல்ல. முதல் நாள் கிளம்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தது நான்தானே. அவர்தான் உட்காரச் சொன்னார், தேனு தூங்குறா, நீ முன்னாடி போய் வேடிக்கை பாரு என்றார். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுவில் சிக்னல் போய்விட்டது, போனில் வழி சொல்கிற பொம்பளை பேச்சை நிறுத்திவிட்டாள். வசு என்னிடம் போர்டை மட்டும் பாத்துச் சொல்லு செண்பகம் என்றாள். போர்டு வந்தது. பச்சைப் போர்டு. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டே இருந்தேன், முதல் ரெண்டு எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் போர்டு பின்னால் போய்விட்டது. நாற்பது மைல் தாண்டிப் போய்த் திரும்பினோம். வசு, அட விடு, இதுவும் ஒரு ரோடுதானே என்றாள். அவர் பெட்ரோல் பங்கில் இறங்கி வந்து முன் கதவைத் திறந்து நின்றார். நான் எழுந்து பின்னால் வந்துவிட்டேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவளை எதற்கு முன்னால் உட்காரச் சொல்ல வேண்டும், பிறகு எதற்குக் கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மலை சிவந்து நிற்கிறது, மேலே மட்டும் பனி. எங்கள் கோவில்பட்டி மண் கறுப்பு. சிவப்பு என்றால் எனக்கு அய்யனார் கோவில் தேரி மணல்தான், வெறுங்காலை வைத்தால் கால் புதையும், வெயிலில் கொதிக்கும், பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துப் போவோம். இந்தப் பங்குனிக்கு டிக்கெட் போட்டாயிற்று. தேனுவுக்கு அங்கேதான் முதல் மொட்டை. ஒரு வயசில் இறக்க வேண்டியது, விசா அது இது என்று தள்ளித் தள்ளி ரெண்டு வயசு ஆகப்போகிறது, முடி கண்ணை மறைத்து மூக்கைத் தொடுகிறது. நான் ரப்பர் பேண்ட் போட்டு உச்சியில் தென்னங்கன்று மாதிரி நிறுத்திவைப்பேன், அவள் பிடுங்கிப் போடுவாள். எல்லாரும் கேட்டார்கள் ஏன் வெட்டவில்லை என்று. நான் சிரித்துவைப்பேன். அது அவருக்கும் எனக்கும் உள்ளது. தேனு ஏழு மாதத்தில் பிறந்துவிட்டாள், ஒரு கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாய் வைத்திருந்தார்கள், கையைப் பெட்டி ஓட்டைக்குள் விட்டுத்தான் தொட வேண்டும். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், அம்மா இல்லை, அத்தை போனில் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் கோவில் குளம் என்று போகிற ஆள் இல்லை, திருநீறு பூசினால்கூட ஆபீஸ் போகுமுன் துடைத்துவிடுவார். அன்றைக்குக் காப்பி மிஷின் பக்கத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் நின்று ஒரு காப்பி பிடித்தார். கையில் இருந்த காப்பி ஆடி ஆடி விரலில் ஊற்றுகிறது, அவருக்குச் சுட்டது தெரியவில்லை. "செண்பகம், புள்ள பொழச்சு வரட்டும், கத்தி படாம வளத்து முதல் முடிய அய்யனாருக்கு இறக்கிருவோம்" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தக் காப்பி மிஷினும் நானும்தான் கேட்டோம். அவர் என்னிடம் எத்தனையோ பேசியிருக்கிறார், உப்பு இருக்கா, சாவி எங்க, பூட்டினியா. ஆனால் வேறு யாரிடமும் பேச முடியாததை என்னிடம் பேசியது அது ஒன்றுதான். அதைத்தான் நான் தேனுவின் தலையில் வளர்த்துக்கொண்டு வந்தேன். இன்றைக்குக் காலையில் மோட்டல் பாத்ரூமில் வசு புருவத்துக்கு வைத்திருக்கிற சின்னக் கத்தரிக்கோலால் அதைக் கத்தரித்துவிட்டாள்.

அவள் ஆசையாகத்தான் செய்தாள். அதுதான் எனக்குக் கோபமே. கெட்டவளாய் இருந்தால் எவ்வளவு வசதி. தேனு அவளைப் பார்த்தால் கையை நீட்டுகிறாள். அத்தை சொல்லு, அத்தை சொல்லு என்று நான் தேனுவுக்கு ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொடுத்தேன், வசு அத்தை. அத்தை என்றால் அப்பாவுக்கு உடன்பிறந்தவள். நான் சும்மா சொல்லிக்கொடுக்கவில்லை, வேலி கட்டினேன், அவளுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது. வசு சிரித்துக்கொண்டே, அய்யோ அத்தையெல்லாம் எதுக்கு, வசுன்னே கூப்பிடட்டும் என்றாள். ஒரே சொல்லில் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். தேனு இப்போது வச்சு வச்சு என்கிறாள். இவளுக்குப் பேச்சு எவ்வளவு பிந்தி வந்தது, அம்மா என்று சொல்ல எத்தனை மாதம் காக்கவைத்தாள், வச்சு மூன்று நாளில் வந்துவிட்டது. அதோ முன்னால் ஆபீஸ் கதை பேசுகிறார்கள், யாரோ ஒரு மேனேஜர் கூட்டத்தில் மைக்கை அணைக்காமல் சாப்பிட்டாராம், வசு முறுக்கைக் கடித்துக் கடித்து அவர் மாதிரியே நடித்துக் காட்டுகிறாள். அது நான் சுட்ட முறுக்கு. மாவு பிசைந்து வெண்ணெய் போட்டு ராத்திரியெல்லாம் நின்று சுட்டேன், அதை வைத்து அவள் அவரைச் சிரிக்கவைக்கிறாள். கழுத்து குலுங்குகிறது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் எத்தனை தடவை இவரைச் சிரிக்கவைத்திருப்பேன். நான் தப்பாய் ஏதாவது சொன்னால் சிரிப்பார், அது வேறு சிரிப்பு. காலையில் தட்டில் கேக்கும் ஜாமுமாய் ரூமுக்குள் வந்தவர் தேனுவைப் பார்த்தார். நெற்றியில் நேர்கோடாய் முடி, ஸ்கேல் வைத்தாற்போல. ஒரு நொடி நின்றார். நான் அந்த நொடியை விழுங்கிவிடுவதுபோல் பார்த்தேன். பிறகு தூக்கிக்கொண்டார். சூப்பரா இருக்கே தங்கம், யாரு வெட்டிவிட்டா, என்றார். அவருக்கு ஞாபகம் இல்லை. வசு வெட்டியது போகட்டும், அவருக்கு ஞாபகம் இல்லாமல் போயிற்றே. அது நினைவில் இல்லையென்றால் அந்தக் காப்பி மிஷின் பக்கத்தில் நான் யாரோடு இருந்தேன்.

குகைக்குள் போகிறோம். மலையைக் குடைந்து போட்ட ரோடு, நீளமாய்ப் போகிறது, உள்ளே விளக்கே இல்லை, வண்டி வெளிச்சம் மட்டும். நடுவில் எங்கோ பாறையில் ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கிறார்கள், அதில் வெள்ளையாய் ஒரு வெளிச்சம் வந்து அவர் காதில் பட்டுப் போகிறது. மறுபடி இருட்டு. இருட்டில் அவர்கள் பேச்சு நின்றுவிட்டது. பேசினால் ஒரு கஷ்டம், பேசாவிட்டால் அதைவிடக் கஷ்டம். கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் கை. கியர் பக்கத்தில் காப்பி டம்ளர் வைக்கிற ரெண்டு குழி உண்டு, அங்கேதான் எப்போதும் கையை வைத்துக்கொள்வார். வெளிச்சம் வரும்போது பார்க்கலாம் என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஜன்னல் வந்தது, கை மடியில் இருக்கிறது, குளிருக்கு முட்டிக்குள் செருகியிருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்கே வெட்கமாய் இருந்தது. இருட்டில் வேறொன்று வருகிறது, வரவேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. தலையைப் பிடித்தது யார். கத்தரி எடுத்தது வசு. தேனு தலையை ஆட்டினாள், கண்ணில் குத்திவிடும், கொஞ்சம் ஆடாம பிடிச்சுக்கோ செண்பகம் என்றாள் வசு. பிடித்தது யார். இந்தக் கைதான், ரெண்டு கன்னத்திலும் கை வைத்து, இங்க பாரு, அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு என்று சொல்லி ஆடாமல் பிடித்தது இந்தக் கைதான். தீக்குச்சி அடுக்கிப் பழகின கை, ஆடாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. நேர்ந்திருக்கோம் என்று இன்னொரு வார்த்தை. ரெண்டு வார்த்தைதானே. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, வசு நேர்ந்துக்கிறதுன்னா என்ன என்று கேட்பாளோ, கேட்டால் நான் சொல்லத் தெரியாமல் முழிப்பேனோ, பச்சைப் போர்டு மாதிரி ஆகிவிடுமோ. அதற்குள் கத்தரி ரெண்டு தடவை வெட்டி முடித்துவிட்டது. வாஷ்பேசினில் விழுந்ததை நான் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன். குழாய் ஓட்டைக்குள் கொஞ்சம் போய்விட்டது. வசு, அட, க்ளீனிங்குக்கு ஆள் வருவாங்க செண்பகம் என்றாள்.

வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம். கண் கூசுகிறது. எல்லாம் வெள்ளை. தேனு தும்முகிறாள். இன்னொரு தும்மல். நெற்றியில் கை வைத்தேன், சுடுகிற மாதிரி இருக்கிறது, என் கை சில்லிட்டிருப்பதால் அப்படி இருக்குமோ, ஹீட்டர் காற்றோ. மறுபடி வைத்தேன். முடி இருந்த இடத்தில் முடி இல்லாமல் நெற்றி அகலமாய், யாருடைய பிள்ளையோ போல இருக்கிறது. அய்யனாரே, வெட்டினது அவ, பிடிச்சது நான், மறந்தது அவர், பிள்ளை என்ன செய்தாள், எங்கள் மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் பாரு, இவளைப் பார்க்காதே. சொல்லிவிட்டு, மூன்று பேரில் முதலில் வெட்டினவளைப் பாரேன் என்று மனசு சொன்னது. அடுத்த நிமிஷமே வண்டி லேசாய் ஒரு பக்கம் வழுக்கியது. பனி. வசு ஸ்டியரிங்கைப் பதறாமல் திருப்பி நேராக்கினாள்.  நான் தேனுவின் மேல் கவிழ்ந்திருந்தேன். வசு மெதுவாய், எல்லாரும் ஓகேவா, செண்பகம், பாப்பா ஓகேவா என்று கேட்டாள். முதலில் என்னைத்தான் கேட்டாள். நான் உம் என்றேன். இல்லை அய்யனாரே, இல்லை, அவளையும் பார்க்காதே, நான் சும்மா சொன்னேன். தேனு மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வச்சு என்றாள்.

இறங்குகிற இடத்தில் குளிர் காதை அறுக்கிறது. ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் கீழே பெரிய பள்ளம். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக எதையோ பார்த்தேன். பள்ளம் நிறைய சிவப்பாய் மண் தூண்கள், ஒன்றை ஒன்று ஒட்டி, ஆயிரம் இருக்கும், பத்தாயிரம் இருக்கும், கோவில் வாசலில் மழையில் கரைந்து நிற்கிற மண் குதிரைகள்போல, மூக்கு இல்லாமல் காது இல்லாமல். ஒவ்வொன்றின் தலையிலும் மட்டும் வெள்ளையாய்ப் பனி. மொட்டை போட வரிசையில் நிற்கிற சனம்போல இருந்தது எனக்கு, தலையை நனைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று நிற்கிற சனம். வசு தேனுவை வாங்கிக்கொண்டு வேலியோரமாய்ப் போனாள், தொப்பியை இழுத்து அவள் காதை மூடினாள், போட்டோ எடுக்க யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போனைக் கொடுத்தாள். அத்தான் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். கோட்டுப் பைக்குள் கை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எடுத்து வச்சிருக்கியா?"

எதை என்று கேட்க நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லட்டும், நான் எதற்குச் சுலபமாக்க வேண்டும். ஆனால் பைக்குள் என் கை தானாய் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. உம் என்றேன்.

"கண்ணாடில பாத்தேன்" என்றார். "தட்டோட வந்தேன், பாத்ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. நீ புள்ள தலையப் பிடிச்சிருந்த. நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் வெளிய போய்ட்டு வந்தேன்."

அப்படியானால் ஞாபகம் இருந்திருக்கிறது. காலையிலிருந்து இருந்திருக்கிறது. அந்த ஒரு நொடி நின்றாரே, அது. என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, இறங்கின கையோடு வேறொன்று எழுந்து நின்றது.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல அத்தான்."

"வசுட்டயா?" பூட்சால் பனியைக் கிளறினார். என்னவென்று சொல்வது, ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும், கெடா வெட்டுவீங்களா கோம்ஸ், சாமி வருமா கோம்ஸ் என்று ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் தேனு தூக்கச் சொல்லிக் கேட்கிற முகமாய் இருந்தது. நான் பச்சைப் போர்டை நினைத்துக்கொண்டேன். இவரும் எழுத்துக் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மூன்று நாளாய் அந்த முன் சீட்டில், நாலு வருஷமாய் அந்த ஆபீசில், எந்த எழுத்தில் தப்புவிடுவோமோ என்று கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பாவமாய் இருந்தது. பாவமாய் இருந்தும் வயிற்றெரிச்சல் போகவில்லை. அவள் சிரிப்பாள் என்று பயந்து அய்யனாருக்குச் சொன்னதை விட்டாரே. நான் சிரித்தால் பயப்படுவாரா.

அத்தையிடம் போனில் கேட்டால் பரிகாரம் சொல்வார்கள், மஞ்சத்துணியில் காசோடு சேர்த்து முடிந்துவைத்து மிச்ச முடியோடு இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று, அவரே சமாதானம் சொன்னார். அது எனக்கும் தெரியும். சித்திக்கு அப்படி ஒரு தடவை செய்திருக்கிறார்கள்.

"யாரு முடியணும்? தப்பு செஞ்சவங்க கையாலதான முடியணும்."

"அப்ப வசுவா?" லேசாய்ச் சிரிக்கப் பார்த்தார்.

"வெட்டுனவங்களும். பிடிச்சவங்களும். கண்ணாடில பாத்துட்டு நின்னவங்களும்."

என் குரல்தானா என்று இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கழுத்தையே பார்த்துப் பார்த்து எனக்கு அந்த முகம் புதுசாய் இருந்தது, மூக்கு நுனி சிவந்து, கண்ணில் குளிர்த் தண்ணீர். "நீ எப்படிச் சொல்லுவ அவகிட்ட" என்றார்.

"நீங்க பின்னாடி உக்காருங்க."

வசு தேனுவோடு வந்தாள், போட்டோவைக் காட்டினாள், தேனு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற போட்டோ. அவர் பிள்ளையை வாங்கிக் குழந்தை சீட்டில் வைத்து வார் மாட்ட முடியாமல் தடுமாறினார், எனக்குக் கை துறுதுறுத்தது, போகவில்லை. முன் கதவைத் திறந்து நான் ஏறினேன். வசு சாவியைத் திருப்பினாள். சீட் மாறிட்டீங்க, கோம்ஸுக்குத் தோச தீஞ்சிருச்சா என்று கேட்டாள். பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. மூன்று சிவப்புப் புள்ளியும் எரிந்தது. முதுகிலும் தொடையிலும் சூடு ஏறுகிறது, இது பொத்தானின் சூடா, மூன்று நாளாய் இங்கே உட்கார்ந்திருந்த அவருடைய சூடா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதிரே கண்ணாடி பூரா ரோடு, வெள்ளையாய், எந்தப் போர்டும் இல்லாமல். நாக்கு நுனிக்கு வந்தது. போய்விட்டது. கண்ணாடியில் பின்னால் தொப்பி நழுவிய தேனுவின் நெற்றி தெரிந்தது. மறுபடி வந்தது.

"வண்டிய எடுக்காதீங்க வசுக்கா" என்றேன். "ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

வசு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்க்கத் திரும்பியவள், திரும்பாமல் பாதியில் நின்று, என்னையே பார்த்தாள். வண்டியை அணைத்தாள். மூன்று புள்ளியும் போய்விட்டன. சூடு போகவில்லை, இருந்தது. பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து என் மடியில் வைத்து, பறந்துவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு பிரித்தேன்.